நகரபிதாவின் அந்தரங்கம்

2023 பெப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்கு இருந்த நேரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், கேள்விப்பட்டனீரே? நகரபிதா விழுந்திட்டார்." அவருடைய குரலில் கவலை இல்லை. நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவரின் உற்சாகம் இருந்தது. அந்த உற்சாகம் என்னையும் தொற்றிக்கொண்டது என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரொறன்ரோ நகரபிதா ஜோன் ரோறிக்கும், அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கும் இருந்த உறவை அன்று மாலை ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை வெளியிட்டது. ரோறிக்கு வயது 68, அந்தப் பெண்ணுக்கு 31. சிறிது நேரத்திலேயே ரோறி செய்தியாளர்கள் முன் வந்து பதவி விலகுவதாகச் சொன்னார். நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் மூன்றாவது தடவையாகப் பெரிய வெற்றி பெற்றிருந்தார். அடுத்த வாரம் வரவு செலவுத் திட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, 17ஆம் திகதி மாலை வெளியேறினார். ஜூன் 26 இல் நடந்த இடைத்தேர்தலில் 102 பேர் போட்டியிட்டார்கள். ஒலிவியா சௌ வென்றார்.

அன்றிரவு எங்களுடைய வட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள் உருவாகின. ஒரு கட்சி, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா? மனிசன் நகரத்தை ஒழுங்காகத்தானே நடத்தினவர்" என்றது. மற்றக் கட்சி, "மனிசிக்குத் துரோகம் செய்தவர் ஊருக்கு எப்படி உண்மையாக இருப்பார்?" என்றது. எல்லோரும் அறுபதைத் தாண்டிய ஆண்கள். நான் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்ந்து நாலைந்து வரி எழுதினேன். நகரபிதா என்று தகப்பனின் பெயரால் அழைக்கப்படுபவர் தகப்பனைப் போல நடக்கவேண்டாமா என்பது என்னுடைய வாதம். ஆங்கிலத்தில் அந்தப் பதவிப் பெயருக்குள் தகப்பன் இல்லை. தகப்பனை உள்ளே கொண்டுவந்தது நாங்கள்.

என் மகளுக்கு அப்போது 29 வயது. நகர மையத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் எல்லாரும் அவர்ர மனிசியைப் பற்றிக் கதைக்கிறியள், அவர்ர வயசைப் பற்றிக் கதைக்கிறியள். அந்தப் பிள்ளையின்ர வேலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"என்ர ஒஃபீஸில மேல இருக்கிற ஒருத்தர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டா, நான் ஓம் எண்டு சொன்னாலும் கதை, இல்லை எண்டு சொன்னாலும் கதை. ஓம் எண்டா பதவி உயர்வு எப்பிடிக் கிடைச்சதெண்டு கேப்பினம். இல்லை எண்டா அடுத்த நாள் அவர்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? அவர் ஆம்பிளையா, கலியாணம் கட்டினவரா எண்டது ரெண்டாவது. என்ர சம்பளம் அவர்ர கையில இருக்கு. அதுதான் முதலாவது."

ரோறி விவகாரத்தில் வற்புறுத்தல் இருந்தது என்று எவரும் சொல்லவில்லை. என் மகளும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் காட்டிய இடம் நாங்கள் யாரும் பார்க்காத இடம். எங்களுடைய இரண்டு கட்சிகளும் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு சண்டை பிடித்தன. ஒன்று, வீட்டு விஷயம் எங்களுக்கு வேண்டாம் என்றது. மற்றது, வீட்டு விஷயந்தான் முக்கியம் என்றது. அலுவலகத்தைப் பார்த்தவள் அவள் மட்டுந்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில் நகரசபையின் நேர்மை ஆணையர் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். விசாரிக்கும்படி கேட்டவர் ரோறியே. மனைவிக்கு அவர் உண்மையாக இருந்தாரா என்று அந்த அறிக்கை தீர்ப்புச் சொல்லவில்லை. அது ஆணையரின் வேலையும் அல்ல. ஊழியர்கள் தொடர்பாகச் சபை வகுத்த கொள்கையை அவர் பின்பற்றவில்லை என்றது. அந்தப் பெண் பின்னர் வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்துக்கு 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்ட ஏற்பாடுகளில் தொடர்பு இருந்தது. அந்த விடயம் சபைக்கு வந்தபோது ரோறி வாக்களித்தது நடத்தைக் கோவையை மீறியது என்றும் கூறியது. அதாவது, உறவு வீட்டிலிருந்து புறப்பட்டுச் சபையின் வாக்குமேசை வரைக்கும் வந்திருந்தது.

அதன் பிறகு இந்தக் கேள்வியைப் பற்றி நிறைய யோசித்தேன். ஓர் அரசியல்வாதியின் அந்தரங்கம் எங்கே முடிகிறது? படுக்கையறைக் கதவில் என்பது பலருடைய பதில். 1967 இல், அப்போது நீதியமைச்சராக இருந்த பியேர் ட்ரூடோ, நாட்டின் படுக்கையறைகளில் அரசுக்கு வேலையில்லை என்ற கருத்தைச் சொல்லிப் புகழ்பெற்றார். நல்ல கருத்து. ஆனால் அது குடிமக்களை அரசிடமிருந்து காப்பதற்காகச் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவரைக் குடிமக்களின் கேள்வியிலிருந்து காப்பதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. என் பதில் இதுதான்: ஒருவருடைய அதிகாரம் நுழையாத இடம் எதுவோ, அதுதான் அவருடைய அந்தரங்கம். சம்பளம், பதவி உயர்வு, ஒப்பந்தம், வாக்கு, இரகசியத் தகவல், இவற்றில் ஒன்றாவது உள்ளே வந்துவிட்டால் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தாலும் அது பொது இடம். இவற்றில் ஒன்றும் வரவில்லையென்றால், செய்தி முழு உண்மையாக இருந்தாலும் அது எங்களுடையது அல்ல.

இது என்னுடைய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சட்டம் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. அதில் ஒரு முக்கியமான வழக்கு தமிழ்ப் பத்திரிகை ஒன்றுடையது. சென்னையில் பல கொலைகளுக்காகத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிட முயன்றது. அதில் அதிகாரிகளுடன் அவருக்கு இருந்த தொடர்புகள் வரும் என்று சொல்லப்பட்டது. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. விவகாரம் இந்திய உச்சநீதிமன்றத்துக்குப் போய், 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொருவருக்கும் தன் குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றிய அந்தரங்க உரிமை உண்டு. ஆனால் அரச பதவியில் இருப்பவர் தன் கடமை சார்ந்து செய்த காரியங்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றது தீர்ப்பு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் பெயர்களை, அவை பொது ஆவணங்களில் இருந்தாலும், வெளியிடக்கூடாது என்றும் சொன்னது.

கனடாவில் 2009 இல் கிரான்ற் என்பவருக்கும் ரொறன்ரோ ஸ்டாரின் உரிமை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மூல விவகாரம் வட ஒன்ராறியோவில் ஒரு கொல்ஃப் மைதானத்தை விரிவாக்குவது பற்றியது. பொது நலனுக்காகப் பொறுப்போடு எழுதிய பத்திரிகைக்கு அவதூறு வழக்கில் ஒரு புதிய பாதுகாப்பை நீதிபதிகள் கொடுத்தார்கள். அதே மூச்சில் ஓர் எல்லையையும் போட்டார்கள். பிரபலமானவர்களின் அந்தரங்க வாழ்க்கையில் மக்களுக்கு ஆவல் இருக்கிறது என்பதால் மட்டும் அது பொது நலனுக்குரிய விடயமாகிவிடாது. மக்கள் விரும்புவது வேறு, மக்களுக்கு வேண்டியது வேறு.

கோடு போடுவது சுலபம். அதை வைத்து அளப்பதுதான் கஷ்டம். 2023 ஓகஸ்ட் 2ஆம் திகதி பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோவும் மனைவியும் பிரிவதாக இன்ஸ்டகிராமில் அறிவித்தார்கள். கனடியப் பெரிய ஊடகங்கள் அந்த அறிவிப்பை வெளியிட்டன, அரசியலில் என்ன பாதிப்பு வரும் என்று பேசின, பெரும்பாலும் அதோடு நின்றன. எங்களுடைய குழுவில் மட்டும் ஏன், யாரால் என்ற ஆராய்ச்சி இரண்டு கிழமை நடந்தது. என்னுடைய கோலை வைத்துப் பார்த்தால் அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

2010 ஐ அளப்பது இவ்வளவு சுலபமில்லை. ரொறன்ரோப் போக்குவரத்து ஆணைக்குழுவின் தலைவராக இருந்த இளம் கவுன்சிலர் அடம் ஜியம்புரோனி பெப்ரவரி தொடக்கத்தில் நகரபிதா தேர்தலில் இறங்கினார். சில நாட்களில் ஒரு மாணவியுடன் அவருக்கு இருந்த உறவை ஸ்டார் வெளியிட்டது. பெப்ரவரி 10 அன்று விலகிவிட்டார். ரோறியின் அறிவிப்புக்குச் சரியாகப் பதின்மூன்று வருடங்களுக்கு முன். அந்தப் பெண் அவருடைய ஊழியர் அல்ல. அவருக்கு அப்போது மணமும் ஆகவில்லை, ஒரு துணைவி இருந்தார். அப்படியென்றால் இது அந்தரங்கமா? ஆனால் போக்குவரத்துக் கட்டணம் கூடப்போவதை அறிவிப்பு வருவதற்கு முன்னரே அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார் என்றும் செய்தியில் இருந்தது. அந்த ஒரு வரிக்காக முழுக் கதையும் தேவைப்பட்டதா, அல்லது முழுக் கதையையும் போடுவதற்கு அந்த ஒரு வரி சாட்டாக உதவியதா? இன்றுவரை எனக்கு முடிவு இல்லை. எந்தக் கோட்டிலும் இப்படி ஒரு மங்கலான இடம் இருக்கும்.

சிலர் வேறொரு கோலைக் கொண்டுவருவார்கள். தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் மனைவி பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, குடும்பத்தைக் காட்டி வாக்குக் கேட்டவரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் என்ன என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் நிற்கும் மற்றவர்கள் வாக்குக் கேட்கவில்லை. தண்டனை கொடுக்கும்போது படத்தில் நிற்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பொய் சொன்னவரிடம் பொய்யைப் பற்றிக் கேட்கலாம். படத்தைக் காரணம் காட்டி வீட்டுக்குள் நுழைய முடியாது.

இதுவரை சொன்னவை, நடந்தது உண்மை என்று தெரிந்த சந்தர்ப்பங்கள். உண்மை இன்னும் தெரியாதபோது என்ன செய்வது? எங்களுக்கு மிகக் கிட்டிய உதாரணம் பற்றிக் பிரவுன். 2018 ஜனவரி 24 இரவு, அவர் ஒன்ராறியோ முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தலைவராக இருந்தபோது, இரண்டு பெண்கள் அவர்மேல் பாலியல் ரீதியான குற்றச்சாட்டுகளைச் சொன்னதாக சீரிவி செய்தி வெளியிட்டது. அவர் மறுத்தார். அன்றிரவு விடிவதற்குள் தலைமைப் பதவி போய்விட்டது. சில வாரங்களில், ஒரு பெண் தன் வயது குறித்தும் காலம் குறித்தும் முதலில் சொன்னவை மாறின. பிரவுன் வழக்குப் போட்டார். 2022 மார்ச்சில் பணம் எதுவும் கைமாறாமல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. செய்தியில் வந்த முக்கியமான சில விபரங்கள் தவறானவை என்று சீரிவி ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. என்ன நடந்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்குள் அவர் பிரம்ரன் நகரபிதாவாகிவிட்டார். 2025 மே மாதம் பிரம்ரன் சிங்குவாகூசிப் பூங்காவில் தமிழினப் படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டபோது முன்னால் நின்றவரும் அவர்தான்.

2018 இல் எங்களுடைய குழு எப்படி நடந்துகொண்டது என்று பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் பெண்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்கட ஆளுக்கு வெட்டிப்போட்டாங்கள்" என்பதுதான் எல்லோருடைய முடிவும். பின்னால் விபரங்கள் பிழைத்தபோது, "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று பெருமைப்பட்டோம். உண்மையில் எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அவர் எங்களுக்கு வேண்டியவர் என்பது மட்டுந்தான் தெரியும். அவர் எங்களுக்கு வேண்டாதவராக இருந்திருந்தால் அதே வேகத்தில் நம்பியிருப்போம். ரோறியின் செய்தியை நான் சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டு ஓடி நம்பியதும் அப்படித்தான். அது உண்மையாக இருந்தது என்பது என்னுடைய கெட்டித்தனம் அல்ல.

அந்த இரவில் எவராவது செய்திருக்கக்கூடிய நேர்மையான காரியம் ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். பெண்கள் சொல்வதைக் கேட்பது, மறுப்பையும் கேட்பது, தீர்ப்பைத் தள்ளிவைப்பது. கேட்பதற்கும் தீர்ப்புச் சொல்வதற்கும் இடையில் இருக்கும் நேரத்தை நாங்கள் கோழைத்தனம் என்று நினைக்கிறோம். அந்த நேரம் இல்லாவிட்டால் குற்றம் சாட்டியவருக்கும் நியாயம் கிடைக்காது, சாட்டப்பட்டவருக்கும் கிடைக்காது.

பெண்கள் என்று சொல்லும்போது இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கதைகளில் கட்டணம் யார் செலுத்துகிறார்கள்? கனடாவின் முதலாவது பெரிய அரசியல் பாலியல் விவகாரம் 1966 இல் வந்தது. ஜேர்மனியில் பிறந்து மொன்றியலில் வாழ்ந்த கெர்டா முன்சிங்கர் என்ற பெண்ணுக்கும், டீஃபன்பேக்கர் அரசில் இணைப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த பியேர் செவினிக்கும் இருந்த உறவைப் பற்றியது. உறவு முடிந்து ஐந்தாறு வருடங்களுக்குப் பின், எதிர்க்கட்சியின் தாக்குதலுக்குப் பதிலடியாக நீதியமைச்சர் லூசியன் கார்டின் அதைப் பாராளுமன்றத்தில் இழுத்துப் போட்டார். அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று சொல்லப்பட்டது. ரொறன்ரோ ஸ்டாரின் செய்தியாளர் ரொபேர்ட் ரெகுலி மியூனிக்கில் அவளை உயிரோடு கண்டுபிடித்தார். பத்திரிகைத்துறையில் அது ஒரு சாதனை. அமைச்சர் ஒருவரும் உளவுச் சந்தேகமும் சம்பந்தப்பட்டிருந்ததால் கேள்வி கேட்கவும் நியாயம் இருந்தது. ஆனால் விசாரணையில் இரகசியம் எதுவும் வெளியே போனதாகத் தெரியவரவில்லை. அமைச்சர்கள் அமைச்சர்களாகவே வரலாற்றில் நிற்கிறார்கள். அவளுடைய பெயர் மட்டும் ஒரு விவகாரத்தின் பெயராகிவிட்டது. 1998 இல் இறக்கும்வரை அவள் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. 2023 இல் அதே ஸ்டார் ரோறி விவகாரத்தில் அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. இடையில் இருந்த 57 வருடங்களில் ஏதோ ஒன்று கற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அரசியல்வாதி பெண்ணாக இருந்தால் கதை தலைகீழாகும். ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கற் - ஓரோராத் தொகுதியின் உறுப்பினர் பெலிண்டா ஸ்ரோனாக், 2005 மே 17 இல் பழமைவாதக் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்குத் தாவினார். இரண்டு நாட்களின் பின் லிபரல் அரசு சபாநாயகரின் ஒரு வாக்கினால் தப்பியது. அது முழுக்க முழுக்க அரசியல் காரியம். சரியா பிழையா என்று அரசியலாகவே விவாதித்திருக்கலாம். ஆனால் அவர் அப்போது கட்சியின் துணைத் தலைவர் பீற்றர் மக்கேயுடன் உறவில் இருந்ததால், பேச்செல்லாம் காதல் முறிந்த கதையாகவே போனது. அங்கே ஆணின் அந்தரங்கத்துக்குள் அதிகாரம் நுழைகிறது என்று பயப்படுகிறோம். இங்கே பெண்ணின் அதிகாரத்தைப் பறிப்பதற்கு அந்தரங்கத்தைக் கொண்டுவருகிறோம். ஜெயலலிதாவின் ஆட்சியில் குறை சொல்ல எவ்வளவோ இருந்தும், எங்களுடைய தமிழ் மேடைகளும் பத்திரிகைகளும் எதைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவழித்தன என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழ்ப் பத்திரிகைகள் என்று வரும்போது நான் வெளியே நின்று பேச முடியாது. எங்களிடம் கிசுகிசு என்று ஒரு வடிவம் இருக்கிறது. பெயர் இருக்காது, அடையாளம் இருக்கும். அதைத் தாங்கி நிற்பது ஒரு சின்ன ஒட்டு: ஆம். வந்தாராம், போனாராம், இருக்கிறார்களாம். அந்த ஒட்டைப் போட்டவுடன் சொன்னவருக்குப் பொறுப்பு இல்லை, யாரோ சொன்னார்கள். சொல்வதைச் சொல்லிவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு இவ்வளவு வசதியான ஒட்டு ஆங்கிலத்தில் இல்லை. 1940களின் சென்னையில் லட்சுமிகாந்தன் தன் 'இந்து நேசன்' பத்திரிகையில் நடிகர்களின் அந்தரங்கங்களை எழுதினார். 1944 நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் இரண்டு வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்து, பின்னர் விடுதலையானார்கள். பத்திரிகை போனது. வடிவம் போகவில்லை. கடல் கடந்து இங்கேயும் வந்தது.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஓர் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் இரவில் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தேன். பகலில் தொழிற்சாலை, இரவில் எழுத்து. சம்பளம் என்று பெரிதாக இல்லை, ஆசைதான். எங்கள் ஆட்களில் ஒருவர் உள்ளூர்த் தேர்தல் ஒன்றில் நின்ற காலம் அது. ஒரு வியாழக்கிழமை இரவு மூலைப் பத்தி ஒன்றுக்கு நாலு வரி வந்தது. ஒரு வேட்பாளரின் அலுவலகத்தில் நடுச்சாமம் வரை வெளிச்சம் தெரிகிறதாம். அங்கே உதவி செய்யும் ஒரு பெண்ணின் கணவர் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறாராம். நாலு வரி இடத்துக்குப் பெரிதாக இருந்தது. நான் இரண்டு சொல்லை வெட்டி, மூன்று வரியாக்கிப் பொருத்தினேன். ஆம் இரண்டையும் வெட்டவில்லை. சிரித்ததாகவும் ஞாபகம்.

பெயர் இல்லை என்பதால் எவருக்கும் பாதிப்பு இல்லை என்று நினைத்தேன். அந்தத் தேர்தல் அலுவலகத்தில், கணவர் கொழும்பில் இருந்த பெண் ஒருத்திதான் இருந்தாள். அந்தக் கிழமையே அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சக் காலத்தில் மொன்றியல் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வேட்பாளருக்கு ஒன்றும் நடக்கவில்லை. வெல்லவில்லைத்தான், ஆனால் அதற்குப் பிறகும் பல மேடைகளில் பொன்னாடை போர்த்தப்பட்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண மண்டபத்தில் அவளைக் கண்டேன். பக்கத்து மேசையில் இருந்தாள். எழுந்து வந்து, "அண்ணை, நீங்கள் அந்தப் பேப்பரில இருந்தனீங்களெல்லே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். கோபப்படவில்லை. "பேர் போட்டிருந்தா நான் வந்து மறுத்திருப்பன். பேர் இல்லாததை எப்பிடி அண்ணை மறுக்கிறது? மறுக்கப் போனா அது நான்தான் எண்டு நானே சொன்ன மாதிரி." அதற்குள் யாரோ படம் எடுக்கக் கூப்பிட, போய்விட்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. தோன்றியபோது மண்டபம் காலியாகியிருந்தது.

அவள் சொன்னதற்குள் இந்தக் கேள்வியின் மறுபாதி இருக்கிறது. எதைப் பற்றி எழுதலாம் என்பது ஒரு பாதி. எப்படி எழுதவேண்டும் என்பது மறுபாதி. ரோறியைப் பற்றி எழுதிய பத்திரிகை, வெளியிடமுன் அவரிடம் கேட்டது. செய்தியில் எழுதியவரின் பெயர் இருந்தது, பிழையென்றால் வழக்குப் போடுவதற்கு முகவரி இருந்தது. பெயர் சொல்லப்பட்டவர் அதிகாரம் உள்ளவர். மறைக்கப்பட்டவர் அது இல்லாதவர். நான் அச்சுக்கு அனுப்பிய மூன்று வரிகளில் எல்லாம் மறுபக்கமாக இருந்தன. அதிகாரம் உள்ளவருக்குப் பெயரில்லாத பாதுகாப்பு, இல்லாதவளுக்கு மறுக்க முடியாத அடையாளம், எழுதியவருக்கு ஆம் என்ற ஒளிப்பிடம்.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கிசுகிசு கெட்டது என்பதற்காக மௌனம் நல்லது என்று ஆகிவிடாது. எங்கள் சமூகத்தில் பெரிய மனிதர் ஒருவர் தன்னிடம் வேலை செய்யும் பெண்ணிடம் தகாத விதமாக நடந்தால், "வீட்டு விஷயம், விடுங்கோ" என்பதுதான் முதலில் வரும் வார்த்தை. கிசுகிசுவும் மௌனமும் எதிரிகள் போலத் தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று துணை. நேராகக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் காதோடு காதாகப் பேச்சு வளர்கிறது. நேராகக் கேட்பதற்குத் துணிவும், கேட்டதற்கு ஆதாரமும், பதிலுக்கு இடமும் வேண்டும். எங்கள் பத்திரிகைகளில் இந்த மூன்றும் அரிது.

வள்ளுவர் பிறனில் விழையாமையையும் புறங்கூறாமையையும் இல்லறவியலுக்குள்ளேயே, நாலு அதிகார இடைவெளியில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கியதால் இந்த அயல் எனக்குத் தெரியவில்லை. பிறன் மனையை நாடுபவனும், அவனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுபவனும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ஆட்சி செய்பவனுக்கு வேண்டிய ஒழுக்கத்தையோ அவர் பொருட்பாலில் வேறாகப் பேசுகிறார். குற்றங்கடிதல் அங்கே வருகிறது. பிழை செய்யும்போது முகத்துக்கு நேரே கண்டிக்கக்கூடிய பெரியவர்களைத் துணையாகக் கொள்வது அதற்கு அடுத்து வருகிறது. இல்லறத்தில் புறங்கூறாதே, அரசியலில் நேரே கண்டி. இதை அவர் இப்படித்தான் திட்டமிட்டார் என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு அந்த ஒழுங்கு உதவுகிறது.

இந்தக் கோடைகாலத்தில் ஒரு குரல்பதிவு எனக்கு வந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர், அரசியலில் இருப்பவர், ஒரு பெண்ணோடு எங்கேயோ காணப்பட்டாராம். யார் பேசுகிறார் என்று தெரியாது. மூன்று நிமிடப் பதிவில் அந்த ஒட்டு எத்தனை தடவை வந்தது என்று எண்ணத் தொடங்கி, பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். அந்தப் பெண் அவருக்குக் கீழே வேலை செய்பவரா, பொதுப் பணம் எதுவும் சம்பந்தப்பட்டதா, அவரிடம் யாராவது கேட்டார்களா, இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெண்ணின் ஊர் மட்டும் இரண்டு தடவை வந்தது.

நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் மூன்று நிமிடத்தையும் முழுதாகக் கேட்டேன். அதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அனுப்பினவருக்கு என்ன சொன்னனீங்கள்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "அப்ப அவர் நீங்கள் ரசிச்சுக் கேட்டனீங்கள் எண்டுதானே நினைப்பார்."

அன்றிரவு நண்பருக்கு எழுதினேன். இது உண்மையென்றும் அவருடைய பதவியோடு சம்பந்தப்பட்டதென்றும் நினைத்தால், உம்முடைய பெயரைப் போட்டு அவரிடமே கேளும், நானும் கையெழுத்து வைக்கிறேன். இல்லையென்றால் இனி எனக்கு இப்படியானவை அனுப்பவேண்டாம் என்று. அவர் பதில் எழுதவில்லை. குழுவில் இப்போது கொஞ்சம் விலகித்தான் கதைக்கிறார். முப்பது வருடச் சிநேகிதம், கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்த மூன்று வரியைப் பொருத்தும்போது என் பக்கத்தில் நின்று யாராவது இதை எனக்குச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவள் மொன்றியலுக்குப் போகாமல் இருந்திருப்பாள்.